கண்டதற்கும் மனதுருகியதற்கும் நடுவே: ஊழியத்தில் இரக்கம் ஏன் வற்றுகிறது?

நான்கு ஆண்டுகளாகச் சபை ஊழியத்தில் இருக்கும் ஓர் இளைஞர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "ஊழியத்துக்கு வந்த புதிதில் நோயாளியின் கட்டிலருகே நின்றாலே எனக்குக் கண்ணீர் வந்துவிடும். இப்போது ஆஸ்பத்திரிப் படியேறும்போதே, இன்று எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஜெபத்தை விடவில்லை, வேத வாசிப்பை விடவில்லை, தெரிந்து எந்தப் பாவத்திலும் விழவில்லை. ஆனாலும் உள்ளே ஈரம் இல்லை. ஊழியத்தில் இரக்கத்தைத் தடுக்கும் மனப்பான்மைகள் எவை?"

தம்பி, பிரசங்கங்களில் நாம் கண்டிக்கும் வெளிப்படையான கல்நெஞ்சம் ஊழியக்காரரிடம் அரிது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேகரங்களிலும் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளிலும்) மருத்துவமனைகளிலும் வேலை செய்ததில் நான் கண்டுகொண்டது, நம்முடைய இரக்கத்தைத் தடுப்பவை பெரும்பாலும் நல்ல குணங்களின் தோற்றத்தில்தான் வருகின்றன என்பதே. கடமையுணர்வு, சத்தியத்தின்மேல் வைராக்கியம், பரிசுத்தத்தைக் காக்கும் அக்கறை, ஆத்தும பாரம் என்று அவற்றுக்கு நாமே பெயரும் வைத்திருக்கிறோம். அதனால்தான் நீங்கள் உங்களுக்குள் பாவத்தைத் தேடிப் பார்த்தும் காரணம் அகப்படவில்லை.

சுவிசேஷங்களில் இயேசுவின் இரக்கத்தைச் சொல்லும் தனிச்சிறப்பான கிரேக்க வினைச்சொல் 'ஸ்பிளாக்னிஸோமாய்'. குடல் முதலான உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. அடிவயிறு கலங்குகிறது, பெற்ற வயிறு பதறுகிறது என்று நாம் சொல்வதற்கு வெகு அருகில் நிற்கிறது. நம்முடைய வேதாகமம் அதை 'மனதுருகி' என்று மொழிபெயர்த்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் 12 முறை வரும் இந்தச் சொல் மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷங்களில் மட்டுமே காணப்படுகிறது. லூக்காவில் மூன்று இடங்கள்: நாயீன் ஊர் விதவையைப் பார்த்த இயேசு, எரிகோ சாலையில் கள்ளர் அடித்துக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியன், தூரத்தில் வரும் இளைய மகனைக் கண்ட தகப்பன். மூன்றிலும் காண்பது முதலில் வருகிறது, உருகுவது அதன் பிறகு வருகிறது. ஆனால் அதே எரிகோ சாலையில் ஆசாரியனும் கண்டான், ஆலயப் பணிவிடைக்காரனான லேவியனும் கண்டான். ஆசாரியனைக் குறித்து "அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்" என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகையால் உங்கள் கேள்வியை நான் எனக்குள் இப்படி மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன்: கண்டதற்கும் மனதுருகியதற்கும் நடுவே நமக்குள் எது வந்து நிற்கிறது?

நீங்களே சொன்ன அவசரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரைக் கொண்டு செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும்; பாதிப் பேருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒரு வாசலோரம் ஒருவர் குனிந்து சரிந்து, இருமி முனகிக்கொண்டிருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவ முன்வந்தார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேரே உதவினார்கள். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவர் என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இறையியல் கல்லூரி மாணவர்களுக்கு இந்த ஆய்வைச் சொல்லும்போது சிலர் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தோன்றியதில்லை, ஏனென்றால் அது என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளின் கதை. அந்த மாணவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுடைய கண் போய்ச் சேரவேண்டிய இடத்தில் பதிந்திருந்ததால், வாசலில் கிடந்தவர் வழியில் கிடக்கும் ஒரு பொருளாகிவிட்டார். உங்கள் கடிகாரக் கணக்கும் அதைத்தான் செய்கிறது. பதினைந்து கட்டில்களைச் சந்தித்தேன் என்று வேலைக் குறிப்பேட்டில் எழுதுகிற ஊழியர், பதினைந்து கட்டில்களைத்தான் சந்தித்திருக்கக்கூடும்.

அவசரத்தைவிட ஆழமாக வேர்விட்டது இன்னொன்று. துன்பத்தைக் கண்டவுடனே அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும் என்ற மனப்பான்மை அது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் கேட்ட முதல் கேள்வியே, இது யார் செய்த பாவம், இவன் செய்ததோ இவனைப் பெற்றவர்கள் செய்ததோ என்பதுதான். அந்த மனிதன் அங்கேயே இருக்கிறான், காதும் கேட்கிறது. ஆனாலும் அவனை வைத்துக்கொண்டு அவனைப் பற்றி ஒரு தத்துவ விசாரணை நடக்கிறது. யோபுவின் நண்பர்களுக்கு இதில் ஒரு பங்கு நற்பெயர் உண்டு: ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது மிக உயர்ந்த ஊழியம். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவர்கள் அவனை நோகடித்தார்கள். நூலின் முடிவில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது.

விளக்கம் ஏன் இரக்கத்தைத் தடுக்கிறது என்பதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். விளக்கம் சொன்னவுடனே நமக்குள் ஒரு நிம்மதி பிறக்கிறது. இவருக்கு இது வந்ததற்குக் காரணம் இன்னது என்று தெரிந்துவிட்டால், அந்தக் காரணம் நம்மிடம் இல்லாதவரை நமக்கு அது வராது என்று மனம் ஆறுதல் அடைகிறது. அதாவது, துன்பப்படுகிறவரிடமிருந்து விலகி நிற்க விளக்கம் ஒரு வேலியாகிவிடுகிறது. விசுவாசக் குறைவு, முன்னோர் சாபம், தசமபாகம் கொடுக்காதது, வீட்டில் ஏதோ மறைவான பாவம் என்று நம் சபைகளில் சரளமாகப் புழங்கும் காரணங்கள் எல்லாமே நோயாளியின் பக்கத்தில் இருப்பவை. சொல்லுகிறவரின் பக்கத்தில் இருக்கும் காரணம் எதுவும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் கண்டறியப்பட்டது. அந்த மாதிரிகளைச் சோதித்த இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஆய்வுக்கூடத்தில் நம்மவர்கள் இப்படி முன்நின்று உழைத்தார்கள் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மேடைகளில் நான் கேட்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் "பாவத்தின் சம்பளம் மரணம்" என்ற வசனத்தோடு முடிந்துவிட்டன. கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவியும், தாயிடமிருந்து பெற்ற குழந்தையும் அந்தப் பிரசங்கத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணமே பேசியவர்களுக்கு வரவில்லை. விளக்கம் தயாராக இருந்தபடியால் ஆளைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

கிட்டத்தில் நின்று நான் கற்றுக்கொண்ட ஒன்றையும் சொல்கிறேன். குழந்தைகள் வார்டில் ஒரு தாய், மூளைவாதம் உள்ள ஏழு வயது மகனை மடியில் சாய்த்து, வழியும் எச்சிலைத் தன் முந்தானையால் துடைத்தபடியே ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் வணக்கம் சொல்லி, ஜெபிக்கலாமா என்று கேட்டு, பையனின் தலைமேல் கையை நீட்டினேன். அவர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, கோபம் ஏதுமில்லாமல் சொன்னார்: "ஐயா, வர்றவங்க எல்லாரும் இவன் தலையில கைய வைக்கிறாங்க. இவன் பேரு என்னன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." என் கை அந்தரத்தில் நின்றது. பெயரைக் கேட்டேன். அந்த அம்மா பெயரைச் சொன்னதும் பையன் கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தான். அவனுக்குத் தன் பெயர் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவனைக் கண்டிருந்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் நான் கண்டது ஒரு ஜெப விண்ணப்பத்தை.

மூன்றாவதாக, பரிசுத்தத்தைக் காப்பது பற்றிய நம்முடைய பயம். உவமையின் ஆசாரியன் தீட்டுக்குப் பயந்து விலகினான் என்று பலர் பிரசங்கிப்பதுண்டு. ஆசாரியன் பிரேதத்தினால் தீட்டுப்படலாகாது என்று லேவியராகமம் 21 சொல்வது உண்மை. ஆனால் யூதருடைய மரபே அவனுக்கு அந்தச் சாக்கைக் கொடுக்கவில்லை. எடுத்து அடக்கம் செய்ய யாருமில்லாத பிரேதத்தை வழியில் கண்டால் பிரதான ஆசாரியன்கூடத் தீட்டுப்பட்டு அதை அடக்கம் செய்யவேண்டும் என்ற கருத்து யூதச் சட்ட மரபின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. எனவே இந்த உவமையை வைத்து யூத மார்க்கமே இரக்கமற்றது என்று பேசுவது தவறு. சட்டத்துக்குள் இருந்த இரக்கத்தை விட்டுவிட்டு, சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விலகிப்போவது எந்தச் சபையிலும் நடக்கும்.

அது என் கையாலேயே நடந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பொறுப்பிலிருந்த ஒரு சபையில், கடன் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பத் தலைவர் தற்கொலை செய்துகொண்டார். காலை ஏழு மணிக்கு எனக்குச் செய்தி வந்தது. சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாமா, ஆலயத்துக்குள் உடலைக் கொண்டுவரலாமா, மணி அடிக்கலாமா என்று கமிட்டியைக் கூட்டிப் பேசினோம். பழைய தீர்மானங்களைத் தேடினோம், பக்கத்துச் சேகரத்தில் என்ன செய்தார்கள் என்று தொலைபேசியில் விசாரித்தோம். நான் அந்த வீட்டு வாசலை மிதித்தபோது மணி பன்னிரண்டு. வாசலில் அவருடைய செருப்பு, வேலைக்குப் போகிறவர் கழற்றி வைத்ததுபோல் சுவரோரம் ஒழுங்காக இருந்தது. உள்ளே அவருடைய மனைவி என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "ஐயரே, எடம் குடுப்பீங்களா?" கணவனை இழந்த பெண் தன் குருவானவரிடம் பேசும் முதல் வாக்கியம் அதுவாக இருக்கும்படி நாங்கள் செய்துவிட்டோம். அன்று காலை நான் செய்த எந்த வேலையும் தவறான வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து மணிநேரம் நான் ஒரு விதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

இத்தகைய விதிகளும் காலத்தோடு மாறியிருக்கின்றன என்பதை அறிந்துகொள்வது நல்லது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, அறிந்து துணிந்து தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கடுமையான மனப் பாதிப்பும் தாங்கவொண்ணாப் பயமும் அந்தச் செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகளில் ஊருக்கு ஒரு வழக்கம் நிலவுகிறது. ஓரமாக ஓர் இடம் ஒதுக்குவது, இரவில் அடக்கம் செய்வது, குருவானவர் அங்கி அணியாமல் வருவது போன்றவற்றை நான் பார்த்திருக்கிறேன். இவற்றில் எதுவும் தற்கொலையைத் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. வாழ முடியவில்லை என்று நினைக்கும் இன்னொருவர், அதைப் போதகரிடம் வாய்விட்டுச் சொல்ல அஞ்சும்படி மட்டும் அவை செய்திருக்கின்றன.

கல்லறைத் தோட்டம் என்று வந்துவிட்டதால், ஜாதியைச் சொல்லாமல் போனால் நான் உங்களிடம் உண்மையாக நடந்துகொண்டவன் ஆகமாட்டேன். சென்னையும் தம் மேற்பார்வையில் இருந்த காலத்தில், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் ஜாதி வேறுபாடு கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் ஜாதியை விடுவதைவிட ஆராதனையை விடுவது மேல் என்று வெளியேறினார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியும், தனித் தெரு, தனிக் கல்லறை, சபைத் தேர்தலில் தனி அணி என்று அது நம்மோடு இருக்கிறது. யாருடைய துக்கம் நம் வீட்டுத் துக்கம், யாருடைய துக்கம் ஒரு செய்தி என்பதை, நாம் ஜெபிக்க முழங்கால் போடுவதற்கு முன்பே அது தீர்மானித்துவிடுகிறது. உங்கள் சபையில் கடைசியாக நீங்கள் சந்தித்த பத்து வீடுகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். இதை நான் ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. என் பட்டியலை நான் எழுதிப் பார்த்தபோது வெட்கப்பட்டேன்.

இரக்கத்தை வேறொன்றுக்குக் கருவியாக்குவதும் ஒரு தடை. இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரங்களில் பலர் இராப்பகலாக உழைத்ததை நான் கண்டேன். அரிசிப் பையை வாங்குகிறவர் அமைப்பின் பேனருக்கு முன்னால் வந்து நின்று புகைப்படத்துக்கு முகம் காட்டினால்தான் பை கிடைக்கும் என்ற நிலையையும் கண்டேன். ஒரு மீனவப் பெண் பையை வாங்காமலே திரும்பிப் போனார். இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்டார், ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நன்றியையும் சபையின் எண்ணிக்கையையும் எதிர்பார்த்துச் செய்யும் உதவி, எதிர்பார்த்தது வராத அன்றே எரிச்சலாக மாறிவிடும். ஊழியக்காரர் பலர் "இந்த ஜனங்களுக்கு எவ்வளவு செய்தாலும்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு வந்து சேருவது இந்த வழியில்தான்.

கடைசியாக, உங்களிடம் இருப்பதாக நான் அதிகமாகச் சந்தேகிப்பது இது: எல்லாரையும் நானே தாங்கவேண்டும் என்ற எண்ணம். உங்கள் கேள்வியில் ஆஸ்பத்திரி இருக்கிறது, நோயாளிகள் இருக்கிறார்கள், உங்கள் ஜெபமும் வேத வாசிப்பும் இருக்கின்றன. உங்களுக்குத் துணையாக ஒருவர்கூட இல்லை. நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள் என்பதும் இல்லை. சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன எலியா தீர்க்கதரிசியைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. தின்று, குடித்து, மறுபடியும் தூங்கினான். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவனோடு பேச்செல்லாம் ஓரேப் மலையில், அதற்குப் பிறகுதான். செவிலியரிடமும் மருத்துவரிடமும் தொடர்ந்து பிறர் துன்பத்தோடு பழகுவதால் வரும் உணர்வுச் சோர்வை இன்று மருத்துவ உலகம் ஒரு பாதிப்பாகவே கருதிக் கவனிக்கிறது. நாமோ அதைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தில் பின்வாங்கிப் போதல், என்று பெயரிட்டு, இன்னும் ஒரு உபவாசக் கூட்டத்தை வைத்துவிடுகிறோம். வற்றிய கிணற்றில் வாளியை வேகமாக இறக்குவதால் தண்ணீர் வராது. ஊற்றுக்கு நேரம் கொடுக்கவேண்டும். உங்கள் மேற்பார்வைக் குருவானவரிடமோ, நீங்கள் நம்பும் மூத்த ஊழியர் ஒருவரிடமோ இந்தக் கேள்வியை அப்படியே சொல்லி, இரண்டு வாரமாவது விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கமே வராமலோ, உயிரோடிருப்பது பாரமாகவோ தோன்றினால், தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

திரும்பி வந்ததும், வார்டில் பதினைந்து பேருக்குப் பதிலாக மூன்று பேரைச் சந்தியுங்கள். நிற்காதீர்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர்கள் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பர்திமேயுவின் குருட்டுத்தன்மை எல்லாருக்கும் தெரிந்திருந்தபோதும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று இயேசு அவனிடமே கேட்டார். பேசாதே என்று அவனை அதட்டிய கூட்டத்துக்கு அந்தக் கேள்வி தேவையற்றதாகத் தோன்றியிருக்கும். நீங்களும் கேளுங்கள். சிலர் ஜெபிக்கச் சொல்வார்கள். சிலர் கீழே போய் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வரச் சொல்வார்கள். அப்படியானால் போய் வாங்கி வாருங்கள்.